மேகம் மறைத்த சூரியன்: புதுச்சேரியில் காத்திருந்த லெ ஜான்தி

அளவை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தராசும், படியும், முழக்கோலும்தான். அளவிலும் நிறுவையிலும் குறை செய்பவருக்கு மார்க்கம் விடுக்கும் கடுமையான எச்சரிக்கையை ஜும்ஆ மேடைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த எச்சரிக்கை கடைத்தெருவோடு நின்றுவிடுவதில்லை. நேரத்தை அளக்கிறோம், தூரத்தை அளக்கிறோம், கோணத்தையும் அளக்கிறோம். சுபுஹு எப்போது தொடங்குகிறது, அஸர் எப்போது நுழைகிறது, கிப்லா எந்தப் பக்கம் என்பவை எல்லாம் கடைசியில் கோணக் கணக்குகளே. கோணம் தவறினால் திசை தவறும்; திசை தவறினால் போய்ச் சேரும் இடமே மாறிவிடும்.

அந்தக் கோணத்தையும் நேரத்தையும் நேர்மையாக அளப்பதற்காகப் பதினோரு ஆண்டுகள் கடலிலும் கரையிலும் அலைந்தார் ஒருவர். நம் புதுச்சேரி மண்ணில் இரண்டு ஆண்டுகள் தங்கினார். வந்த காரியம் மட்டும் கைகூடாமலேயே ஊர் திரும்பினார். பிரான்சு நாட்டு வானியல் அறிஞர் கியோம் லெ ஜான்தி என்பது அவர் பெயர். வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அவர் கதை நம் ஊர்க் கதையும்கூட.

மார்க்கக் கல்வியிலிருந்து வானியலுக்கு

1725 செப்டம்பர் 12 அன்று பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் குத்தான்ஸ் என்ற சிறு நகரில் லெ ஜான்தி பிறந்தார். பெரும் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்ல. பாதிரியார் ஆகவேண்டும் என்ற எண்ணத்தோடு பாரிசுக்குப் போய்க் கிறிஸ்தவ இறையியல் படித்தார். அந்த நாட்களில் ழோசப் நிக்கோலா தெலீல் என்ற வானியல் பேராசிரியரின் வகுப்புகளையும் போய்க் கேட்டார். அந்த வகுப்புகள் அவர் வாழ்க்கையின் திசையையே மாற்றிவிட்டன. பிறகு பாரிஸ் வானாய்வகத்தில் காசினி குடும்பத்தாரிடம் தொழில் கற்றார்.

ஓதிப் படிக்கப் போன ஒரு மாணவர் விண்மீன்களைப் படிக்கத் தொடங்கினார் என்பதில் நமக்கு வியப்பில்லை. நம் முன்னோர்களிடம் இந்த இரண்டு கல்வியும் ஒரே வீட்டில் குடியிருந்தவை. பள்ளிவாசல்களில் நேரம் குறிக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் அஸ்தர்லாபும் கால்வட்டக் கருவியும் கையாளத் தெரிந்தவர்கள். சுமார் 965 முதல் 1040 வரை வாழ்ந்த இப்னுல் ஹைதம் ஒளியையும் கண்ணாடிகளையும் பற்றி எழுதிய நூல், லத்தீன் மொழிக்குப் போய் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் படிக்கப்பட்டது. லெ ஜான்தி கற்ற ஒளியியலின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

1749-ல், ஆந்திரோமீடா பெருமண்டலத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு ஒளித் திட்டை லெ ஜான்தி முதன்முதலில் கண்டறிந்தார். இன்று எம்-32 என்று அழைக்கப்படும் விண்மீன் மண்டலம் அது. 1753-ல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அப்போது அவருக்கு வயது 28-கூட நிறையவில்லை.

சூரியன் எவ்வளவு தூரம்?

அந்தக் காலத்து அறிஞர்களுக்கு ஒரு பெரிய கேள்வி இருந்தது. பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது? கோள்களின் தூரங்கள் ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு என்பது தெரியும். ஆனால் அதில் ஒரு தூரமாவது மைல் கணக்கில் தெரிந்தால்தான் மற்றவை எல்லாம் தெரியவரும்.

ஆங்கிலேய அறிஞர் எட்மண்ட் ஹாலி 1716-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். வெள்ளிக் கோள் அபூர்வமாகச் சூரியனுக்கு நேர் முன்னால் கடந்து போகும். அப்போது சூரிய வட்டத்தின்மேல் ஒரு கரும்புள்ளி ஊர்வதுபோலத் தெரியும். பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்தால் அந்தப் புள்ளி சற்றே வேறு வேறு பாதையில் போகும். கடக்கும் நேரமும் மாறும். கையை நீட்டி விரலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பார்த்தால் விரல் இடம் மாறுவதுபோலத் தெரிகிறதல்லவா? அதே கணக்குத்தான். இரண்டு கண்களுக்குப் பதிலாகப் பூமியின் இரண்டு மூலைகள். கிடைக்கும் சிறு கோண வித்தியாசத்திலிருந்து சூரியனின் தூரத்தைக் கணித்துவிடலாம்.

வெள்ளி இப்படிக் கடப்பது எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நடக்கும். அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேல் நடக்காது. நம் தலைமுறையில் 2004 ஜூன் 8, 2012 ஜூன் 6 ஆகிய நாட்களில் நடந்தது, பலர் பார்த்திருப்போம். அடுத்தது 2117-ல்தான். லெ ஜான்தியின் காலத்தில் அது 1761-லும் 1769-லும் வந்தது. ஹாலி அதற்கு முன்பே 1742-ல் இறந்துவிட்டார். வாய்ப்பு அடுத்த தலைமுறைக்கு வந்தது.

உலகின் பல மூலைகளுக்கும் அறிஞர்கள் புறப்பட்டார்கள். லெ ஜான்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் புதுச்சேரி.

1760: போர்க்காலப் பயணம்

1760 மார்ச் 26 அன்று பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து அவர் கப்பல் ஏறினார். ஜூலை 10 அன்று இன்றைய மொரீஷியஸ் தீவை அடைந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த செய்தி, புதுச்சேரிப் பக்கம் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கடும் போர் நடக்கிறது என்பதே.

வில்லியனூரும் பாகூரும் இந்தப் போர்களின் நடுவே சிக்கிய ஊர்கள். 1752-ல் பாகூரில் ஆங்கிலேயப் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. 1760-ல் மைசூர் ஹைதர் அலியின் படை பிரெஞ்சுக்காரர்களுக்குத் துணையாகத் தானியமும் மாடுகளும் கொண்டுவந்தது. அதே ஆண்டு வில்லியனூர்க் கோட்டையை அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படை பிடித்தது. புதுச்சேரிக்கு மேற்கேயிருந்து உணவு வரும் வழி அடைபட்டது. நகரம் பட்டினியில் வாடி, 1761 ஜனவரியில் சரணடைந்தது. கோட்டையையும் பெரும் கட்டடங்களையும் வெற்றி பெற்றவர்கள் இடித்துத் தள்ளினார்கள். சண்டை யாருடையதாக இருந்தாலும், வயல் மிதிபட்டதும் மாடு பறிபோனதும் நம் கிராமத்து மக்களுக்குத்தான்.

இது எதுவும் தெரியாமல் லெ ஜான்தி 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் புதுச்சேரி நோக்கிப் புறப்பட்டார். காற்று ஒத்துழைக்கவில்லை. வாரக்கணக்கில் அரபிக்கடலில் அலைந்து மே மாதக் கடைசியில் மலபார்க் கரையின் மாஹே அருகே வந்தபோதுதான், மாஹேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கையில் இருக்கும் செய்தி தெரிந்தது. கப்பல் திரும்பியது.

1761 ஜூன் 6 வந்தது. வானம் தெளிவாக இருந்தது. வெள்ளி சூரியனைக் கடந்தது. லெ ஜான்தி அதைப் பார்க்கவும் செய்தார். ஆனால் நடுக்கடலில், ஆடும் கப்பலில் நின்று பார்த்தார். ஊசல் கடிகாரம் கப்பலில் சரியாக ஓடாது. கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்பதும் துல்லியமாகத் தெரியாது. தான் நிற்கும் இடமும் சரியான நேரமும் தெரியாத பார்வைக்குக் கணக்கில் மதிப்பில்லை. அவர் கண்டதைக் குறித்து வைத்தார். ஆனால் அதைத் துல்லியமான அளவீடு என்று உரிமை கொண்டாடவில்லை.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அரசின் செலவில், கழகத்தின் நம்பிக்கையில் போனவர். பக்கத்தில் நின்று சரிபார்க்க வேறு வானியலாளர் யாரும் இல்லை. நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாக எழுதி அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படிச் செய்யவில்லை. அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

எட்டு ஆண்டுக் காத்திருப்பு

வந்த வழியே ஊருக்குப் போயிருக்கலாம். அவர் அடுத்த கடப்புக்காகக் கிழக்கிலேயே தங்குவது என்று முடிவெடுத்தார். மடகாஸ்கரின் கரைகளை வரைபடமாக்கினார். காற்று, நீரோட்டம், செடிகொடி, மக்கள் வழக்கம் என்று கண்டவற்றை எல்லாம் எழுதினார்.

1769 கடப்பைப் பார்க்கப் பிலிப்பைன்ஸின் மணிலா நல்ல இடம் என்று கணித்து 1766-ல் அங்கே போனார். ஸ்பானிய ஆளுநர் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார். பாரிஸ் கழகமும் புதுச்சேரிக்கே போகும்படி எழுதியது. போர் முடிந்து, 1763 ஒப்பந்தத்தின்படி நகரம் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. 1768 மார்ச் 27 அன்று லெ ஜான்தி புதுச்சேரியில் இறங்கினார்.

ஆளுநர் ழான் லா அவரை அன்போடு வரவேற்றார். இடிந்த கோட்டையின் மேல் அவருக்கு ஒரு வானாய்வகம் கட்டிக் கொடுத்தார்கள். அதன் கீழ் அறையில் வெடிமருந்து வைத்திருந்தார்கள்! எதிரி நாட்டவராக இருந்த சென்னை ஆங்கிலேயர்களே ஒரு நல்ல தொலைநோக்கியை அவருக்குக் கொடுத்து உதவினார்கள். அறிவு தேடுபவருக்கு எதிரியும் உதவுவது உண்டு.

நகரம் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பதை ஓராண்டுக்கும் மேல் பொறுமையாக அளந்தார். ஏனென்றால் 1761 அவருக்கு ஒரு பாடம் கற்றுக் கொடுத்திருந்தது. முதலில் நிற்கும் இடம் தெரிய வேண்டும்.

தமிழரிடம் கற்ற கணக்கு

காத்திருந்த நாட்களில் அவர் செய்த இன்னொரு காரியம் நமக்குப் பெருமை தரக்கூடியது. நம் ஊர்ப் பஞ்சாங்கக் கணிதர்கள் கிரகணத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதை மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்டுக் கற்றார். தரையில் உட்கார்ந்து, சோழிகளை நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருக்கும் செய்யுள்களிலிருந்து எண்களை எடுத்து, தாளும் பேனாவும் இல்லாமல் அவர்கள் கணக்குப் போடுவதைப் பார்த்தார்.

1765 ஆகஸ்ட் 30 அன்று நடந்த சந்திர கிரகணத்தை எடுத்து, தமிழ்க் கணக்கையும் ஐரோப்பியக் கணக்கையும் ஒப்பிட்டார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகச் சொன்னது. அன்று ஐரோப்பாவில் பெயர்பெற்றிருந்த தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகச் சொன்னது. தன் நாட்டுக் கணக்கு பின்தங்கியதை அவர் மறைக்காமல் எழுதினார்.

இந்த மண்ணில் கல்வி புதிதாக முளைத்ததல்ல. பாகூரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைச் சொல்கிறது. கல்விக்கூடத்துக்கு நிலம் எழுதி வைப்பதை நாம் வக்ஃபு என்கிறோம். அவர்கள் வேறு பெயரில் செய்தார்கள்.

1769 ஜூன் 4

அந்த ஆண்டு மே மாதம் முழுதும் காலை வானம் தெளிந்தே இருந்தது. ஜூன் 3 இரவும் நன்றாகத்தான் இருந்தது. ஆளுநரோடு சேர்ந்து வியாழனின் நிலாக்களைப் பார்த்தார்கள். வெள்ளி கடக்கும் பெரும்பகுதி இங்கே இரவில் முடிந்துவிடும். ஜூன் 4 காலையில் சூரியன் உதித்தது முதல் சுமார் ஏழு மணி வரைதான் அவருக்குக் கிடைக்கக்கூடிய நேரம்.

விடியலுக்கு முன் அவர் கண் விழித்தபோது வானத்தில் மேகம் பரவியிருந்தது. காற்று எழுந்தது. மேகம் இன்னும் அடர்ந்தது. எட்டு ஆண்டுகள் காத்திருந்த அந்த ஒரு மணி நேரமும் மேகத்துக்குள்ளேயே கடந்து போனது. எல்லாம் முடிந்தபின் சூரியன் வெளியே வந்து அன்று முழுவதும் பளிச்சென்று காய்ந்தது. சிறிது காலம் கழித்து இன்னொரு செய்தியும் வந்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்ததாம்.

பல நாட்கள் அவரால் நாட்குறிப்பு எழுதப் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. பிறகு வயிற்றுக்கடுப்பு நோய் வேறு சேர்ந்தது. 1770 மார்ச்சில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். போகும் வழியில் புயல் கப்பலைச் சிதைத்து, மீண்டும் மொரீஷியஸுக்கே திருப்பிவிட்டது. இன்னொரு ஸ்பானியக் கப்பலைப் பிடித்து, ஸ்பெயின் வழியாக மலை தாண்டி, 1771 அக்டோபர் 8 அன்று பிரான்சு மண்ணை மிதித்தார். புறப்பட்டுப் பதினோரு ஆண்டு, ஆறு மாதம், பதின்மூன்று நாள் ஆகியிருந்தது.

ஊரில் அவரை இறந்தவராக அறிவித்திருந்தார்கள். அவர் அனுப்பிய கடிதங்கள் போய்ச் சேரவில்லை. வாரிசுகள் சொத்தைப் பிரித்துக்கொள்ள முனைந்திருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவர் இடத்தில் வேறொருவர் இருந்தார். பொறுப்பில் விட்டுவந்த பணம் களவு போய்விட்டதாகச் சொன்னார்கள். வழக்குப் போட்டுத் தோற்றார். வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தது. உயிரோடு இருக்கிறேன் என்பதை நிரூபிக்க ஒரு மனிதர் நீதிமன்றம் ஏற நேர்ந்தது.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை மெல்ல நிமிர்ந்தது. கழகத்தில் இடம் திரும்பக் கிடைத்தது. திருமணம் செய்தார், ஒரு மகள் பிறந்தாள். 1779-லும் 1781-லும் இரண்டு பெரும் தொகுதிகளாகத் தன் இந்தியப் பெருங்கடல் பயணத்தை வெளியிட்டார். தமிழர்களின் வானியல், பருவக்காற்று, புதுச்சேரிச் சுற்றுப்புறம், அரியாங்குப்பம் பக்கத்துப் பழைய இடிபாடுகள் எல்லாம் அதில் இடம்பெற்றன. அந்தப் பக்கத்து அரிக்கமேட்டைத்தான் பின்னாளில், 1945-ல், மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய வணிகத் தொடர்பை உலகறியச் செய்தார். 1792 அக்டோபர் 22 அன்று லெ ஜான்தி காலமானார்.

திரும்பும் கண்ணாடியும் கோணமும்

இவருடைய கதையை இன்றைய பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும்? அவர் பட்ட சிரமத்துக்கும் இன்று பொறியியல் கல்லூரிகளில் பேசப்படும் லேசர் கருவிகளுக்கும் ஓர் உறவு இருக்கிறது.

லெ ஜான்தி காலத்துக் கப்பல்களில் ஆக்டன்ட் என்ற கருவி இருந்தது. 1731-ல் இங்கிலாந்தின் ஜான் ஹாட்லி அதை அறிமுகம் செய்தார். நகரும் ஒரு கையின் மேல் சிறு கண்ணாடி. நிலையான இன்னொரு கண்ணாடி எதிரே. கையை நகர்த்தி, சூரியனின் பிம்பம் தொடுவானத்தில் வந்து உட்காரும்படி செய்தால், கை நிற்கும் இடத்திலிருந்து சூரியனின் உயரக் கோணம் தெரிந்துவிடும். கருவியின் வளைவு 45 டிகிரிதான். ஆனால் அதில் 90 டிகிரி வரை எண்கள் பொறித்திருப்பார்கள். காரணம் எளிது. கண்ணாடி ஒரு டிகிரி திரும்பினால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டு டிகிரி திரும்பும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். வெயில் விழும் ஜன்னலில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, ஒளியை எதிர்ச்சுவரில் விழச் செய்யுங்கள். கண்ணாடியை இம்மியளவு அசைத்தாலும் சுவரில் ஒளி நாலு முழம் ஓடும். தூரம் கூடக்கூட ஓட்டமும் கூடும்.

இன்று லைடார் என்ற கருவி தானாக ஓடும் கார்களிலும், நிலத்தை அளக்கும் விமானங்களிலும், ட்ரோன்களிலும் இருக்கிறது. அது லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, எதிரே இருக்கும் பொருளில் பட்டுத் திரும்பிவரும் நேரத்தை அளக்கிறது. ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 30 மீட்டர் தூரத்துத் தூணைத் தொட்டுத் திரும்ப ஒரு விநாடியின் 50 லட்சத்தில் ஒரு பங்கு போதும். அந்த நேரத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும்.

தூரம் கிடைத்தால் மட்டும் போதாது. எந்தத் திசையில் அந்தத் தூரம்? பல லைடார்களில் லேசர் ஒளியை நாலா பக்கமும் வீசுவது ஒரு சுழலும் கண்ணாடி. ஒளி புறப்பட்ட அந்தக் கணத்தில் கண்ணாடி எந்தக் கோணத்தில் நின்றது என்பது தெரியாவிட்டால், அளந்த தூரம் இடம் தெரியாத செய்தியாகிவிடும். கண்ணாடியின் கோணத்தில் ஒரு டிகிரியின் பத்தில் ஒரு பங்கு பிழை இருந்தாலே, ஒளியில் அது இரட்டிப்பாகி, 100 மீட்டர் தூரத்தில் சுமார் 35 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். சாலையோரம் நிற்கும் குழந்தை சாலைக்குள் நிற்பதாகவும், சாலைக்குள் நிற்கும் குழந்தை ஓரத்தில் நிற்பதாகவும் கருவி சொல்லிவிடக்கூடும். சில கருவிகளில் கண்ணாடியை 45 டிகிரி சாய்த்து, ஒளி வரும் அச்சிலேயே சுழற்றுவார்கள். அங்கே இரட்டிப்பு இல்லை; கண்ணாடி எவ்வளவு சுழல்கிறதோ ஒளியும் அவ்வளவே சுழலும். எந்த அமைப்பானாலும் கோணம் தெரிந்தே ஆகவேண்டும்.

அந்தக் கோணத்தை அளக்கக் கண்ணாடி சுழலும் தண்டில் ஒரு வட்டத் தகடு பொருத்துவார்கள். என்கோடர் என்று அதற்குப் பெயர். தகட்டின் ஓரத்தில் நெருக்கமாகக் கோடுகள் இருக்கும். ஒரு சிறு விளக்கும் ஒளி உணர்வியும் அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே இருக்கும். தொடக்கம் எது என்று காட்ட ஒரு தனிக் கோடு இருக்கும். தஸ்பீஹில் மணிகளை எண்ணும்போது தலைமணி வந்ததும் ஒரு சுற்று முடிந்தது என்று விரலுக்குத் தெரிகிறதே, அதுபோல. இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள கோணத்தை, சுழலும் வேகத்தையும் கடந்த நேரத்தையும் கொண்டு கணித்துக்கொள்வார்கள். வேகம் சீராக இல்லாவிட்டால் அங்கேயும் பிழை புகும்.

தகடு தண்டின் மையத்தில் அணுவளவு விலகிப் பொருந்தியிருந்தாலும் ஒரு பக்கம் கோணம் கூடியும் மறு பக்கம் குறைந்தும் காட்டும். இதற்குப் பரிகாரமாக எதிரெதிரே இரண்டு உணர்விகளை வைத்துச் சராசரி எடுப்பார்கள்; ஒன்றின் பிழையை மற்றொன்று அடித்துவிடும். பழைய வானாய்வகங்களின் வட்டக் கருவிகளிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் படித்துச் சராசரி எடுத்தவர்கள் உண்டு. ஒரு சாட்சியோடு நிற்காமல் இரண்டு சாட்சி கேட்பது நமக்குப் புதிய செய்தியா?

1761-ல் நடுக்கடலில் லெ ஜான்திக்கு நேர்ந்ததும் இதுதான். கண் கண்டது உண்மை. ஆனால் நின்ற இடமும் நேரமும் உறுதியில்லை. ஆகவே அந்த உண்மையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோணம் தெரியாத லைடார் துடிப்பும் அப்படித்தான்.

தோற்றவரா?

லெ ஜான்தி பார்க்கத் தவறிய அந்த 1769 கடப்பை உலகின் வேறு பல இடங்களில் பார்த்தார்கள். தஹீத்தித் தீவில் கேப்டன் குக்கின் குழு பார்த்தது. கலிபோர்னியாவில் அவருடைய நாட்டவரான ஷாப் என்ற அறிஞர் வெற்றியோடு பார்த்து, சில வாரங்களில் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். எல்லாருடைய எண்களும் சேர்ந்து, சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்ற விடைக்கு மிக அருகே கொண்டுபோய் விட்டன. ஒருவர் கண்ணை மேகம் மறைத்தது; வேலை நிற்கவில்லை. கூட்டாக எடுத்த முயற்சியில் ஒருவரின் இழப்பை மற்றவர்கள் நிரப்பினார்கள்.

தேர்வு முடிவு வரும் மாதங்களில் நம் மஹல்லாக்களில் சில வீடுகள் இழவு வீடுபோல ஆகிவிடுவதை நாம் பார்க்கிறோம். நீட்டில் சில மதிப்பெண் குறைந்த பிள்ளை அறையை விட்டு வெளியே வரமாட்டாள். பக்கத்து வீட்டாரின் கேள்விக்குப் பயந்து தாய் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தப் பிள்ளை இரண்டு ஆண்டு படித்த படிப்பு எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. லெ ஜான்தி அளந்த புதுச்சேரியின் அட்சரேகை அந்த ஜூன் மேகத்தோடு கலைந்து போகவில்லை. அவர் கற்று எழுதிய தமிழர் கணக்கும் போகவில்லை. வந்த காரியம் நடக்காத அந்த இரண்டு ஆண்டுகளில்தான், இருநூற்றைம்பது ஆண்டு கழித்தும் நாம் படிக்கிற வேலையை அவர் செய்தார்.

முயற்சி நம் கையில். முடிவு இறைவன் கையில் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அதைத் தோற்ற பிள்ளையிடம் ஆறுதலுக்காக மட்டும் சொல்லிவிட்டு, ஜெயித்த பிள்ளையிடம் மறந்துவிடுகிறோம். இரண்டு பேரிடமும் ஒரே குரலில் சொல்லப் பழகினால் நம் வீடுகளில் நிறைய அழுகை குறையும்.

கோணம் அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. மேகமில்லாத ஓர் இரவில், இஷாவுக்குப் பிறகு, பாகூர் ஏரிக்கரையிலோ ஊசுடு ஏரிக்கரையிலோ பிள்ளைகளோடு வடக்கு நோக்கி நில்லுங்கள். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. தொடுவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, சுமார் 12 டிகிரியில் துருவ நட்சத்திரம் மங்கலாகத் தெரியும். அந்த 12 டிகிரிதான் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. முதல் முறை அளக்கும்போது பிள்ளை 9 என்றோ 15 என்றோ சொல்லலாம். திருத்திச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் தான் கண்டதை மாற்றி எழுதச் சொல்லிவிடாதீர்கள்.